ரப்பர் கைக்குள் உன் கை

மாதா துணை
கீரமங்கலம்

அன்பு மகள் ஜெனிபருக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் என் மீன் வண்டியும் சுகம், ஜெர்மனியில் நீயும் உன் என்சைமும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கேலிதான் வருகிறது, சொல்ல வந்தது வரமாட்டேன் என்கிறது. கிறிஸ்துமசுக்கு வரட்டுமாப்பா, வந்தால் எலெக்ட்ரோடில் ஒட்டிவைத்த மூன்று மாத வேலை வீணாகும் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். நான் ஏதோ கிண்டல் பண்ணிப் போனை அம்மாவிடம் தள்ளிவிட்டேன். அதற்குப் பதில்தான் இது.

உன் என்சைம் என்னவென்று கேட்டதற்கு, காற்றில்லாத சேற்றில் வாழும் கிருமியிடம் எடுத்தது, கரித்தகட்டில் ஒட்டினால் ஹைட்ரஜனிலிருந்து கரண்ட் எடுத்துத் தரும், பிளாட்டினம் செய்கிற வேலையைத் தனக்குள் இருக்கும் துளி இரும்பையும் நிக்கலையும் வைத்தே செய்துவிடும், காற்றுப் பட்டால் செத்துப்போகும் என்றாய். கட்டுமாவடியிலிருந்து ஐஸ் பெட்டியைத் திறக்காமல் மீன் கொண்டுவருகிறவனுக்கு இது விளங்காதா? உன் அம்மாதான், தங்கத்தவிட ஒசத்தியான பிளாட்டினத்த விட்டுப்புட்டு இரும்பப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாளே, இவளுக்கு நகை எங்கிட்டுச் சேரும் என்கிறாள்.

அதனால் சொல்கிறேன், இப்போது வராதே. வந்தாலும் நண்டுக் குழம்பு முன்னால் உட்கார்ந்து என்சைமைக் காற்றுப் படாமல் வைத்திருக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. வேலையை முடித்துவிட்டு வா, நண்டு எங்கே போகிறது, கடலுக்குள்தான் கிடக்கும்.

அன்றைக்குப் போனில், அந்தப் பெட்டியில் பொருத்திய ரப்பர் உறைக்குள் கையை விட்டுக் காட்டினாயே, மகள் இளைத்துவிட்டாள் என்று அம்மா உன் முகத்தையே பார்த்தாள். நான் அந்தக் கருப்பு ரப்பர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பூதத்தின் கை மாதிரி. உள்ளே, சங்கரா மீன் சுத்தம் பண்ணும்போது கத்தி கிழித்த ஆள்காட்டி விரலோடு என் மகள் கை. அதைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். ஞாயிறு பூசைக்குப் போ, போகாவிட்டாலும் போனேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடு. மாதா உன்னையும் அந்தப் பெட்டியையும் காப்பாற்றட்டும். ஒன்று மறந்துவிடாதே. வெள்ளைத்தாளில் இடது கையை விரித்து வைத்து, சுற்றிப் பேனாவால் கோடு போட்டுத் தபாலில் அனுப்பு. வளையல் அளவுக்கு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ அதை நம்பிவிடாதே.

அவசரமே இல்லாத உன் அப்பா,
இன்னாசி