காலுறை மாட்டிவிட ஓர் ஆள்

என் கோபக்காரிக்கு,

நலம். போனில் சொன்னால் பதறுவாய் என்று எழுதுகிறேன். சலூனில் நின்று நின்றே என் இடது காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு கிடந்ததே, பேரனைப் பார்த்துக்கொள்ள நீ மகன் வீட்டுக்குப் போன பிறகு அது ரொம்பவே படுத்தியது. நேற்று ஆஸ்பத்திரியில் அந்த நரம்பை லேசர் வைத்து மூடிவிட்டார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. தொடையில் வரிசையாக மரப்பு ஊசி போட்டபோது மட்டும் உன்னைக் கூப்பிட்டுவிட்டேன். நீ வெளியே காத்திருப்பதாக நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் தொடை வரைக்கும் இறுக்கமான ஒரு காலுறையை மாட்டிவிட்டு, "வீட்டுல தினமும் போடணும். வெளியே இருக்கிற அம்மாவைக் கூப்பிடுங்க, சொல்லிக்கொடுக்கிறேன்" என்றாள்.

"அவளுக்கு எல்லாம் தெரியும்மா" என்றேன்.

அவள் விடவில்லை, என்னோடு வெளியே வந்தாள். காலி நாற்காலிகளைப் பார்த்தாள். திரும்ப உள்ளே கூட்டிப்போய், தனியாக மாட்டுவது எப்படி என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாள்.

இன்று காலை கட்டிலில் உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டினேன். குதிகாலைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எப்படியோ ஏற்றிவிட்டேன். இதற்காக நீ கிளம்பி வர வேண்டாம். மருமகள் வேலைக்குப் போகிறாள், வீட்டில் ஆள் வேண்டுமே.

பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானாமே! மகன் படம் அனுப்பியிருந்தான். எதையும் பிடிக்காமல் நிற்கிறான், கெட்டிக்காரன். இனிமேல் அவனை இடுப்பிலேயே வைத்திருக்க வேண்டியதில்லை, இல்லையா?

நம் வீட்டிலிருந்து,
உன் வீட்டுக்காரன்