மலிவு விமானத்தில் என் பெயர்

ராஜகீழ்ப்பாக்கம்,
சனிக்கிழமை

அன்பு மகன் மொஹ்சினுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், நீயும் ஷபீனாவும் பேரன் அய்மானும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை, வேளச்சேரி ரோட்டை மறுபடி தோண்டிப் போட்டிருக்கிறார்கள், தோண்டுவதில் மட்டும் நம் ஆட்களுக்குச் சலிப்பே வராது. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டை விரலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவாய் என்றுதான் தாளில் எழுதுகிறேன்.

நேற்று, என்னோடு ஏர்ஃபோர்ஸில் இருந்த ராஜகோபால் வந்தான். உன் கம்பெனி விற்கிற குறைந்த விலைத் தாக்குதல் விமானத்தின் விளம்பரத்தை போனில் காட்டி, இன்னா அத்தாவுல்லா, நீயே சர்டிபிகேட் குடுத்துகினு கீறே என்று சிரித்தான். அதில் என் படம், என் கையெழுத்து, சின்ன நாட்டு விமானப்படைகளுக்கு இதைவிடப் பொருத்தமான போர் விமானம் கிடையாது என்று நான் சொன்னதாக நாலு வரி. பயிற்சி விமானத்தின் இறக்கையில் குண்டைக் கட்டிவிட்டால் போர் விமானமா? ஜெட்டுக்கு ஆகிற செலவில் கால்வாசிகூட ஆகாதாம், எதிரியிடம் ஏவுகணை இருக்காதாம், அதனால் தாழ்வாக மெதுவாகப் பறந்தாலும் பயமில்லையாம். இருக்காது என்று எதிரி உங்களுக்கு எழுதிக் கொடுத்தானா? தோளில் வைத்துச் சுடுகிற ஏவுகணை இன்று எவன் கையில் இல்லை? எல்லையில் ரோந்து போக, கடத்தல்காரனைத் தேட என்று விற்றால் நான் வாயே திறக்க மாட்டேன். ஏசி ரூமில் உட்கார்ந்து மலிவு மலிவு என்கிறீர்களே, உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவனை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்?

உன்னைத் திட்டி என்ன, முட்டாள் நான்தான். விமானம் கிளம்பும் முன் மெக்கானிக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவான், அதை நம்பித்தான் பைலட் ஏறுவான். மெக்கானிக்காக இருந்த இருபத்தாறு வருடமும் கையால் தொட்டுப் பார்க்காமல் நான் போட்டதில்லை, அவசரப்படுத்திய அதிகாரியை வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். போன மாதம் நீ அனுப்பிய தாளைப் படிக்காமலே போட்டேன், மகன் கேட்கிறான் என்று.

அல்லாஹ் உன் தொழிலில் பரக்கத் செய்யட்டும், பிள்ளைக்கு நீண்ட ஆயுசைத் தரட்டும். மறக்காதே, அடுத்த மாதம் ஏதோ சின்ன நாட்டு விமானப்படைக்காரர்கள் வாங்க வருகிறார்கள் என்றாயே, அதற்குள் என் பெயரை எடுத்துவிடு. முதலாளி காரணம் கேட்டால், எங்கள் அத்தா பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள், அவரை நம்பி யாரும் விமானத்தில் ஏற வேண்டாம் என்று சொல். என்னைப் பற்றி இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நீ சொல்.

இப்படிக்கு,
உன் அத்தா
அத்தாவுல்லா