நாற்பதா, அறுபதா

செப்டம்பர் 4, வியாழன்

இன்று மூன்று கட்டிடங்களிலிருந்து லிஃப்ட் பழுது என்று அழைப்பு. மூன்றாவதில் பழுதே இல்லை. ஏழாம் மாடிக்காரர் பொத்தானை அமுக்கி அமுக்கி அதை உள்ளே தள்ளிவிட்டு, லிஃப்ட் வரவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். ஒரு தடவை அமுக்கினால் போதும் ஐயா, அதற்கும் காது கேட்கும் என்றேன். லிஃப்ட் பராமரிப்பு வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் கைகூடக் கழுவாமல் கராஜுக்குப் போய் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். எண்ணெய் அழுத்த முள் ஐந்தில் நின்றது. நிறுத்திவிட்டேன். ஆறிக்கிடக்கும் எஞ்சினில் ஐந்து காட்டத்தான் செய்யும், அதில் என்ன பெருமை? ஞாயிற்றுக்கிழமை டிராக்கில், எஞ்சின் கொதித்த பிறகு, அந்த நீளமான வலது வளைவில் இரண்டரைக்கு இறங்கியதே. நாலுக்குக் கீழே போகக் கூடாத முள். அதுதான் மண்டையைக் குடைகிறது.

வண்டி எனக்கும் நாத்தனாருக்கும் பாதிப் பாதி. தெருவில் ஓட்டுவதில்லை, மாதம் ஒருமுறை ட்ரெய்லரில் ஏற்றிக் கார் பந்தய டிராக்குக்குக் கொண்டுபோவோம். வீட்டில் எல்லாரும் அவளைப் பொடிசு என்பார்கள். நாற்பத்தாறு வயது, என்னைவிட அரை அடி உயரம், பிசியோதெரபிஸ்ட். அதே வண்டி, அதே டயர், ஆனால் ஒவ்வொரு சுற்றும் என்னைவிட மூன்று நொடி முன்னால் வந்துவிடுவாள். இறங்கும்போது வேர்த்திருக்கக்கூட மாட்டாள். எரிச்சலாக இருக்கும்.

கம்பெனிப் புத்தகத்தில் முப்பது எண்ணெய் என்றுதான் போட்டிருக்கிறது. அது கடைக்குப் போய் வருகிறவர்களுக்கு. நாங்கள் ஊற்றுவது நாற்பது. எண் ஏற ஏற, சூட்டிலும் எண்ணெய் நீர்த்துப் போகாமல் கெட்டியாக நிற்கும். ஐம்பதுக்குப் போய்விடலாமா?

செப்டம்பர் 7, ஞாயிறு

பொடிசு வந்திருந்தாள். பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே சொன்னாள், ஏதோ செருப்பு அறுந்துவிட்டது என்கிற மாதிரி.

"கண் டாக்டர்கிட்ட போனேன் அண்ணி. ஓரப் பார்வை குறையுதாம். நேரா பாக்கறது நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா மூடிட்டு வருதாம்."

டிராக்கில் ஓட்ட ஒவ்வொரு வருடமும் மருத்துவச் சான்று வேண்டும். இந்த வருடச் சான்று டிசம்பர்வரை செல்லும். அடுத்ததில் டாக்டர் கையெழுத்துப் போட மாட்டாராம். அப்படியென்றால் நவம்பர் பதினைந்து, இந்த வருடத்தின் கடைசி டிராக் நாள், அவளுக்கும் கடைசி.

இவர் தங்கையின் தலையில் கை வைத்தார். நான்? "ஐம்பது எண்ணெய் ஊத்திப் பாக்கலாம்னு இருக்கேன்" என்றேன். என்ன ஜென்மமோ நான்.

செப்டம்பர் 8, திங்கள்

ஐம்பது வாங்கி, மாற்றியும் ஆயிற்று. அவளுடைய கடைசி நாளில் இந்த எஞ்சின் மக்கர் பண்ணக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

செப்டம்பர் 17, புதன்

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை ஸ்டார்ட் செய்தேன். மாலையில் ஒரு தடவை. இரண்டு நிமிடம்தான், முள்ளைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவேன். இல்லாவிட்டால் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

டிராக். ஐம்பது எண்ணெயிலும் மூன்றுக்கு இறங்கிவிட்டது. புத்தம்புது எண்ணெய். எப்படி?

பத்துப் பேரைக் கேட்டால் பதினோரு பதில். பக்கத்துப் பிட்டில் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறவர் அறுபதுக்குக் குறைந்து ஊற்றுகிறவன் முட்டாள் என்கிறார். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "நாப்பதே போதுமே மேடம். பிரச்சன எண்ணெயோட கெட்டியில இல்லன்னு தோணுது." வேறு எதில் என்றேன். தெரியவில்லை என்றார். தெரியாத ஆளிடம் என்ன பேச்சு?

பொடிசிடம் அறுபது என்றேன். சிரித்தாள். "கெட்டியா இருந்தா நல்லதுன்னா பசையையே ஊத்திடலாமே அண்ணி." எனக்குச் சுள்ளென்று வந்தது. இவளுக்காகத்தானே மண்டையை உடைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 4, சனி

அறுபது ஊற்றியாயிற்று. வடித்த ஐம்பதில் ஒரு குப்பி பொடிசு எடுத்து வைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டால், சும்மா என்கிறாள்.

ஸ்டார்ட் செய்ததும் முள் ஆறைத் தாண்டியது. இன்றைக்கு மட்டும் நாலு தடவை போய்ப் பார்த்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் நல்ல குளிர். முதலில் ஓட்டும் முறை என்னுடையது. ஒரு சுற்றுகூட நிதானமாகச் சூடேற்றவில்லை, முள் ஏழில் நிற்கிறதே, இனி என்ன பயம் என்று மிதித்துவிட்டேன். குளிரில் அறுபது எண்ணெய் தேன் மாதிரி இருக்கும், வடிகட்டி வழியாக நுழையத் திணறும் — தெரியும், படித்திருக்கிறேன், என்ன பிரயோஜனம்? வடிகட்டியின் ரப்பர் வளையம் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. நேர் சாலை முழுக்க எண்ணெய். எஞ்சினை உடனே அணைத்துவிட்டேன், அந்த மட்டும் புத்தி இருந்தது.

சிவப்புக் கொடி. எல்லா வண்டியும் நின்றது. காலை முறைகள் மொத்தமும் ரத்து. சிமெண்டுத் தூளைக் கொட்டிப் பெருக்கினார்கள். பொடிசும் ஒரு துடைப்பத்தை வாங்கிக்கொண்டு அவர்களோடு பெருக்கினாள். அவளுக்கு மீதி இருக்கிறதே ரெண்டு நாள், அதுல ஒண்ண நான் ரோட்டுல ஊத்திட்டேன்.

திரும்பி வரும்போது "பரவால்ல அண்ணி" என்றாள். திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்டோபர் 21, செவ்வாய்

இவருக்கும் எனக்கும் சண்டை. ஒற்றைக் கேள்விதான் கேட்டார். "நீ நெசமாவே எண்ணெயப் பத்தியா கவலப்படற?"

கத்தினேன். எஞ்சினைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், ஒரு நாள் டயருக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா என்றெல்லாம். அவர் தட்டுகளைக் கழுவினார்.

பிறகு சமையலறையில் நின்றபடியே சொல்லிவிட்டேன். அவ கண்ண நான் என்ன பண்ண முடியும்? எண்ணெயத்தான் மாத்த முடியும். அதான் மாத்திட்டே இருக்கேன். சொன்ன பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கையைத் துடைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அக்டோபர் 28, செவ்வாய்

குப்பி எதற்கு என்று இன்று தெரிந்தது. பொடிசு அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறாள், என் கைபேசி எண்ணைக் கொடுத்து. அங்கிருந்து ஒரு பெண் பேசினாள்.

"இந்த வண்டி தெனமும் ஓடுதா மேடம்?"

"இல்ல. மாசத்துக்கு ஒரு தடவதான்."

"சும்மா ஸ்டார்ட் மட்டும் பண்ணி நிறுத்திடற பழக்கம் உண்டா?"

"ரெண்டு நிமிஷந்தான்" என்றேன்.

"எண்ணெயில ஏகப்பட்ட பெட்ரோல் கலந்திருக்கு. நீங்க ஊத்துனது அம்பது. எங்க கைக்கு வந்தது முப்பதுக்கும் கீழ."

ஆறிய எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது கூடுதலாகப் பெட்ரோல் குடிக்குமாம். எரியாத மிச்சம் பிஸ்டன் ஓரமாக வழிந்து எண்ணெயில் இறங்கிவிடும். நன்றாகச் சூடேறி நெடுநேரம் ஓடினால் அது ஆவியாகிப் போய்விடும். இரண்டு நிமிடத்தில் நிறுத்தினால் அப்படியே தங்கிவிடும். மறுபடி ஸ்டார்ட், மறுபடி மிச்சம். எண்ணெய் கெடாமல் இருக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்த்தே எண்ணெயைக் கெடுத்திருக்கிறேன். நாற்பதும் நல்ல எண்ணெய்தான். முதலிலிருந்தே.

இவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "ஏழாம் மாடிக்காரர் நம்ம வீட்டுலயே இருக்காரு போல." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. அந்த நீர்த்த எண்ணெயோடு எஞ்சின் எத்தனை சுற்று ஓடியிருக்கிறது. உள்ளே என்ன ஆகியிருக்குமோ.

அக்டோபர் 31, வெள்ளி

மெக்கானிக் அடியைத் திறந்து பேரிங்குகளைப் பார்த்தார். ஒன்றில் மட்டும் லேசான கீறல். மாற்றிவிட்டார். மற்றபடி எஞ்சின் பிழைத்தது. நாற்பது எண்ணெய், புது வடிகட்டி. "இனிமே இத யாரும் தொடாதீங்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

வண்டிச் சாவியைப் பொடிசிடம் கொடுத்துவிட்டேன். நானாகத்தான் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "இனி வண்டி நிம்மதியாத் தூங்கும்" என்றாள்.

நவம்பர் 5, புதன்

கராஜுக்குள் போனேன். கண்ணாடியைத் துடைத்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கை நமைச்சல் தாங்கவில்லை. சமையலறை அலமாரி முழுவதையும் காலி செய்து மறுபடி அடுக்கினேன். இவருக்குச் சர்க்கரை டப்பா கிடைக்கவில்லை. எனக்கும்தான்.

மாலையில் வந்த பொடிசு வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு தெருவைப் பார்ப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு அடுத்த கண்ணை. நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 15, சனி

முதலில் ஓட்டும் முறை பொடிசுக்கு. எண்ணெய்ச் சூடு எண்பதைத் தொடும்வரை இரண்டு சுற்று சும்மா உருட்டினாள். பிறகு மிதித்தாள். நான் பிட் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. என்ன ஓட்டு ஓட்டினாள்! வலது வளைவை ஒரே கோடாக வரைந்துகொண்டு போனாள்.

ஐந்தாவது சுற்றில் உள்ளே வந்துவிட்டாள். இன்னும் கால் மணி நேரம் பாக்கி. எனக்கு உயிரே போய்விட்டது. ஓடினேன்.

"அழுத்தம் போயிடுச்சா?"

ஹெல்மெட்டைக் கழற்றினாள். "நாலு. அசையவே இல்ல. வண்டி ரொம்ப நல்லா இருக்கு அண்ணி."

"பின்ன ஏன் வந்த?"

"இடது வளைவுல வேகத்தக் குறைக்கச் சொல்லி மஞ்சக் கொடி ஆட்டியிருக்காங்க. நான் பாக்கல. ரோட்டோரத்து மணல்ல ஒரு வண்டி நின்னுது, ஓட்டுனவர் வெளிய நின்னுட்டிருந்தார். அவரத் தாண்டுனப்புறந்தான் எனக்குத் தெரியுது." கையுறைகளையும் கழற்றி என் கையில் திணித்தாள். "போதும் அண்ணி. நான் இனிமே ஓட்டல."

நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. நோயாளிகளிடம் பேசுகிற குரலில், "மூச்சு விடுங்க" என்றாள். விட்டேன்.

"உங்க முறை வருதுல்ல. கிளம்புங்க."

"நீயும் வா."

பக்கத்து இருக்கையில் ஆள் வரலாமா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். ஹெல்மெட் போட்டால் வரலாம் என்றார். பொடிசு உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள். சூடேற்றும் சுற்றுகள் முடிந்து வலது வளைவுக்குள் திரும்பியதும், என் கண் வழக்கம்போல் முள்ளைத் தேடியது.

"நீங்க ரோட்டப் பாருங்க. நான் பாத்துச் சொல்றேன்."

நேரே பார்ப்பதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வளைவு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாலு. நாலு. மூணே முக்கால். நாலு. நான் முள்ளைப் பார்க்கவே இல்லை. அந்த வளைவை அவ்வளவு வேகமாக நான் எடுத்ததும் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

பொடிசு தன் சொந்தக் காரை விற்றுவிட்டாள். தெருவில் ஓட்டுவதையும் இப்போதே நிறுத்திவிடுவதுதான் சரி என்று டாக்டரிடம் அவளே சொல்லிவிட்டாளாம். இன்றிலிருந்து காலையில் அவளை கிளினிக்கில் இறக்கிவிடுவது என் வேலை.

வழி முழுக்கப் பேசினாள். முட்டி மடங்காத ஒரு பெரியவர் தினமும் ஏதாவது சாக்குச் சொல்கிறாராம், அவரைப் போலவே பேசிக் காட்டினாள். கிளினிக்குக்கு முந்தைய சிக்னலில் சிவப்பு. நின்றோம். கதை இன்னும் பாதியில் இருந்தது, கிளினிக்குக்கு ஒரு நிமிடம்தான்.

பச்சை விழுந்தது. பார்த்தேன். கிளம்பவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"அண்ணி, பச்ச."

"தெரியுது" என்றேன்.