பைய எடுக்கலாம்

ஆகஸ்ட் 28, 2025, வியாழன்

பெரிய வெள்ளப்பொக்கம் வந்து ஏழாம் வருடம். கொரோனாவுக்கு எல்லை ரோட்டை அடைத்து ஐந்தாம் வருடம். எனக்கு எழுத்து தெரியாது, வருடம் இப்படித்தான் தெரியும். நான் சொல்கிறேன், மகள் ஸ்மிதா எழுதுகிறாள். மூத்திரம் எவ்வளவு போகிறது என்று குறித்துவரச் சொன்னார் டாக்டர். நான் கூடக் கொஞ்சம் சொல்வேன், வெட்டக்கூடாது.

ஒரு வருடமாக மறைத்துவந்தேன். அரைமணிக்கு ஒரு தடவை முட்டும். போய் நின்றால் சொட்டும். முடிந்தது என்று வேட்டியை இறக்கினால் மறுபடி முட்டும். நேற்று ஒரு சொட்டும் வரவில்லை. வயிறு கல். பாறசாலையிலிருந்து மார்த்தாண்டம் ஆஸ்பத்திரிவரை, ஆட்டோ விழுந்த ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டேன். டியூப் போட்டார்கள். ஒரு லிட்டருக்கு மேல் இறங்கியது. அந்தச் சுகத்தை எதோடு ஒப்பிட்டேன் என்பதை ஸ்மிதா எழுத மாட்டேன் என்கிறாள்.

புரோஸ்டேட் வீங்கிக் குழாயை நெரிக்கிறதாம். மாத்திரை தின்று பத்துப் பன்னிரண்டு நாளில் டியூபை எடுத்துப் பார்ப்பார்களாம். தானாகப் போகாவிட்டால் ஆப்பரேஷன்.

செப்டம்பர் 1

டியூபின் நுனியில் ஒரு பை. எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகணும். என் பெண்டாட்டி ஓமனக்குட்டிக்கு ஒரே சிரிப்பு. "அம்பது வருசமா சந்தைக்குப் பை எடுக்க வெட்கம். இப்போ பாரு."

அவள் சிரிக்கட்டும். பதினாலாம் தேதி பூவாரில் அம்பிளிக்குக் கல்யாணம். என் தங்கையின் பேத்தி, தாய்மாமன் இல்லாத பிள்ளை. நான்தான் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரு கையில் பெண்ணு, ஒரு கையில் மூத்திரமா? பையோடு போக மாட்டேன்.

செப்டம்பர் 5

திருவோணம். பாயசம் இரண்டு தடவை. பை மூன்று தடவை.

செப்டம்பர் 8

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன். சேலத்துப் பிள்ளை. "தாத்தா, டாக்டர் சொல்லிட்டாரு, பைய எடுத்துரலாம், வாங்க" என்றாள்.

பையவாம்! கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கிறது, இவர்களுக்கு அவசரமில்லை. டாக்டர் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல? சரி என்று வைத்தேன்.

செப்டம்பர் 10

வர முடியாது என்று அம்பிளியிடம் சொல்லிவிட்டேன். கையைப் பிடிக்க வேறு ஆளைப் பார் என்று போனை வைத்தேன்.

செப்டம்பர் 12

நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். நாலு நாளாக ஏன் வரவில்லை என்று கோபம். ஸ்மிதாவுக்கும் கோபம்: "நீங்கதானே பைய எடுக்கலாம்னு சொன்னீங்க?" ஆமாம், பைய எடுக்கத்தான் வரச் சொன்னேன் என்கிறாள் அவள். இரண்டு பேரும் பைய, பைய என்று சண்டை. பிறகு ஸ்மிதா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அவ மூத்திரப் பையைச் சொன்னாளாக்கும்."

நமக்குப் பைய என்றால் மெதுவாக. சேலத்தில் பைய என்றால் பையை. எழுதினவளுக்கும் தெரியவில்லை, சொன்னவனுக்கும் தெரியவில்லை. நாலு நாள் வீண். மிச்சம் நாளை ஒரே நாள்.

செப்டம்பர் 13

எட்டு மணிக்கு டியூபை எடுத்தார்கள். நாலு மணி நேரத்துக்குள் போகணும், இல்லாவிட்டால் மறுபடி டியூப். தண்ணீர் குடித்தேன், நடந்தேன். பத்து ஆச்சு. பதினொன்று. ஒன்றுமில்லை. சத்தம் கேட்டால் வரும் என்று ஓமனக்குட்டி கக்கூசுக்குள் வந்து குழாயைத் திறந்துவிட்டாள். "நீ வெளியே நில்லு, எனக்கு வெட்கமாயிருக்கு" என்றேன். "என்கிட்டயா?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

பதினொன்றே முக்காலுக்குச் சொட்டு. பிறகு நூல். பிறகு — போச்சு, போச்சு, நல்லாப் போச்சு! நான் எப்போதோ மூடிய குழாயை இன்னும் மூடவில்லையா என்று வெளியே அவள் கேட்கிறாள். குழாய் இல்லடி, நானாக்கும்.

ஸ்கேன் பார்த்தார்கள். உள்ளே மிச்சம் கொஞ்சம்தான். மாத்திரையை விடக்கூடாது. அம்பிளிக்குப் போன் செய்தேன்: "மக்கா, வாறேன்."

செப்டம்பர் 15

நேற்று அம்பிளியை மணவறையில் உட்கார வைத்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில் அப்புக்குட்டன். அமரவிளை செக்போஸ்டில் என்னோடு லாரியிலிருந்து மூட்டை இறக்கியவன். இலையில் பருப்பு விளம்பும்முன் ஒரு தடவை எழுந்தான், பாயசத்துக்குள் இன்னும் இரண்டு தடவை. பின்னாலேயே போனேன்.

"எத்தனை நாளாலே?"

"ஒண்ணும் இல்லலே தாணு. வயசாக்கும்."

வியாழக்கிழமை அவனுக்கு ஓ.பி. சீட்டு எடுக்க ஸ்மிதாவிடம் சொல்லியாச்சு. வரமாட்டேன் என்கிறான். மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு போவேன் என்றேன். செக்போஸ்டில் மூட்டை இறக்க ஆறு பேர் இருந்தோம். தங்கமணி, செக்போஸ்டை மூடிய வருடம், மார்வலியில் போனான். லாசர் கொரோனாவில். பொன்னையனும் கேசவனும் ஒரே மீன மாதத்தில், எட்டு நாள் வித்தியாசத்தில். என்னைத் தவிர இருப்பது அப்புக்குட்டன்.