தம்பி வாங்கிவந்த ஆம்ப்ளிஃபயர்

ஆனி மாதம், ஞாயிறு இரவு.

புது வீட்டின் சீலிங்கில் ஸ்பீக்கர் பதித்தபோதே, அதற்குப் பெரிய ஆம்ப்ளிஃபயராக வாங்க நினைத்திருந்தேன். ராணுவத்திலிருந்து லீவில் வந்த தம்பி கேட்கவில்லை. "அவ்வளவு பெருசு எதுக்குண்ணே? நம்ம ஸ்பீக்கருக்கு இது போதும். வைஃபைல போன்ல இருந்தே பாடும்" என்று நாலு கடை விசாரித்து, விலை குறைந்த ஒன்றைத் தன் பரிசாக வாங்கிவந்து மாட்டினான். என் போனையும் அதோடு இணைத்துக் கொடுத்தான்.

மத்தியானம் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் மாடியில் நின்று நண்பனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "தம்பி மலிவா ஒண்ண என் தலையில கட்டிட்டாம்லே. அவன் போனதும் கழட்டிட்டு நல்லதா மாட்டணும்." பேசியதைக் கேட்டுப் பார்க்க அழுத்தினேன். போனில் சத்தமே இல்லை. கீழே எல்லா அறையிலும் என் குரல் கேட்டது.

இறங்கி வந்தேன். தம்பி மனைவி இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தம்பிதான் நிமிர்ந்து, "தெளிவா கேக்குதுண்ணே" என்றான்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "மோர் ஊத்தட்டுமா?" என்றுதான் வந்தது.

பக்கத்து அறையில் அவன் இருமுகிறான். இன்னும் தூங்கவில்லை. எழுந்துபோய்க் கதவைத் தட்ட எனக்குக் கை வரவில்லை.