பொன்முடிச் சாலையில் நடந்தது விபத்தல்ல

அனுப்புநர்:
சரஸ்வதியம்மாள், வயது 63,
காலஞ்சென்ற குற்றாலலிங்கம் அவர்களின் மனைவி,
வலியசாலை, திருவனந்தபுரம்.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
திருவனந்தபுரம் ஊரகம்.

பொருள்: 09.11.2025 ஞாயிற்றுக்கிழமை பொன்முடிச் சாலையில் என் மகன் ஹரிகுமார் தன் மனைவி ரேஷ்மியைக் கொல்ல முயன்றது – அது வாகன விபத்து எனப் பதிவானது – வழக்கை மாற்றிப் பதியவும், வண்டியிலுள்ள பதிவுகளைக் கைப்பற்றவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சாலை என்ற கடைவீதிப் பகுதியில் தமிழ்வழிப் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள். எனக்கு மலையாளம் எழுதவும் தெரியும். ஆனால் அன்று வண்டிக்குள் பேசப்பட்டவை எங்கள் வீட்டுத் தமிழில் பேசப்பட்டவை. வேறு மொழியில் எழுதினால் அந்த வார்த்தைகள் சாதுவாகிவிடும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். மலையாள மொழிபெயர்ப்பு தனியே இணைக்கப்பட்டுள்ளது. இம்மனுவில் ஹரிகுமாரை ‘அவர்’ என்று எழுதுவதே முறை. சில இடங்களில் ‘அவன்’ என்று வந்திருந்தால் பொறுத்தருள வேண்டும். முப்பத்தாறு வருடப் பழக்கம்.

2. மேற்படி ஹரிகுமார் என் ஒரே மகன். என் கணவர் விட்டுச்சென்ற பாத்திர மொத்த வியாபாரத்தைப் பெருக்கி, டைல்ஸ் விநியோகமும் நடத்தி வருகிறார். சென்ற ஓணத்துக்கு முன் அவர் நீல நிறத்தில் ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கினார். பார்ப்பதற்கு நான்கு கதவுள்ள சாதாரணக் குடும்ப வண்டி போலத்தான் இருக்கும். அது அப்படிப்பட்டதல்ல என்பதை, வந்த உறவினர்கள் எல்லாருக்கும் அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். நானும் உடன் நின்று கேட்டேன். நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட நான்கு விநாடி ஆகாது. பிரேக் கார்பனும் பீங்கானும் கலந்தது. எத்தனை முறை மிதித்தாலும் சூடேறித் தளராது. ஸ்போர்ட் மோடில் போட்டால் முன்சீட்டின் ஓரங்கள் தாமாகவே உப்பி, உட்கார்ந்தவரின் இடுப்பை இறுக்கிப் பிடிக்கும். ஜன்னல் கண்ணாடி இரட்டை அடுக்கு. வெளியிலிருந்து உள்ளேயும் உள்ளிருந்து வெளியேயும் சத்தம் போகாது. நடுவிலுள்ள திரையில் ஒரு வட்டமும், அதற்குள் ஓடும் ஒரு புள்ளியும் தெரியும். உடம்பு எந்தப் பக்கம் எவ்வளவு விசையுடன் தள்ளப்படுகிறது என்பதை அது காட்டும். அதிகபட்ச எண்ணைத் தனியே நிறுத்தி வைக்கும். பந்தயப் பாதையில் ஓட்டுபவர்களுக்காக, முன்பக்கக் காட்சியோடு சேர்த்து வண்டி இவை எல்லாவற்றையும் பதிவு செய்யும்.

3. புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் ரேஷ்மி தலை துவட்டும்போது அவள் தோளிலிருந்து மார்புக்குக் குறுக்காக ஒரு கை அகலத்துக்குக் கறுத்திருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, “புது வண்டியில்லியா அம்மா, பெல்ட்டு கொஞ்சம் இறுக்கம்” என்றாள். நான் நம்பினேன்.

4. சம்பவத்தன்று பொன்முடி போகலாம் என்று மூவரும் காலையில் கிளம்பினோம். ஹரிகுமார் ஓட்டினார். ரேஷ்மி அவருக்கு இடப்பக்கம் முன்சீட்டில். நான் அவருக்கு நேர் பின்னால். விதுரை வரை சிரிப்பும் பேச்சுமாகவே போனோம். கல்லாறு சோதனைச் சாவடி தாண்டியதும் ரேஷ்மி, டெக்னோபார்க்கில் தனக்கு வேலை கிடைத்திருக்கிறது, மறுநாள் சேரப் போகிறேன் என்றாள். நான் பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் பாதுகாப்பு என்று அவள் நினைத்திருக்க வேண்டும். ஹரிகுமார் கோபப்படவில்லை. “ஜாயின் பண்ணு, கேட்டோ. ஞான் தடுக்க மாட்டேன்” என்று சிரித்தபடியே சொன்னார். பிறகு ஸ்டீயரிங்கில் இருந்த சிவப்பு பட்டனை அழுத்தினார். எஞ்சின் சத்தம் மாறியது. ரேஷ்மி உடனே இரண்டு கைகளாலும் சீட்டின் அடியைப் பிடித்துக்கொண்டாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

5. ஒரு கொண்டை ஊசி வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள நேர்ப்பாதையில் அவர் வண்டியை முழு வேகத்தில் விட்டு, வளைவுக்கு முன்னால் முழு பலத்துடன் பிரேக்கை மிதித்தார். மறுபடி விட்டார். மறுபடி மிதித்தார். எனக்குப் பின்சீட்டிலேயே மூச்சு நின்று நின்று வந்தது. ஒவ்வொரு முறையும் திரையைக் காட்டி, “நம்பர் பாருடி. ஒண்ணு பாயிண்ட் ஒண்ணு. இன்னும் வரும்” என்றார். நான் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். “அம்மா, சத்தம் போடாம மிண்டாம இருங்க. இது எங்களுக்குள்ள உள்ள காரியம்” என்றார். ரேஷ்மி, “ஹரி, அம்மா இருக்காங்க, வேண்டாம்” என்று மட்டும் சொன்னாள்.

6. அதன்பின் அவர் இடது கையைக் கீழே கொண்டுபோய் ரேஷ்மியின் சீட் பெல்ட்டை விடுவித்தார். பெல்ட் போடவில்லை என்று வண்டி மணி அடிக்கத் தொடங்கியது. அந்த மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே வேகமெடுத்து, பிரேக்கை மிதித்தார். ரேஷ்மியின் முகம் டாஷ்போர்டில் மோதியது. எலும்பு உடையும் சத்தம் எனக்குப் பின்சீட்டில் கேட்டது. அவள் நிமிர்வதற்குள் மறுபடியும் அப்படியே செய்தார். அவள் வாயிலிருந்து ரத்தமும் பல்லும் மடியில் விழுந்தன. அப்போது என் மகன் சொன்னது: “சீட்டு லெதர்ல ரத்தம் ஆக்காதே.” அவள் மீது கை நீட்டவில்லை என்று ஹரிகுமார் காவல் நிலையத்தில் கூறியிருப்பதாக அறிகிறேன். அது உண்மைதான். அவர் கை ஸ்டீயரிங்கில் இருந்தது. அவளை அடித்தது வண்டி.

7. பின்கதவுகள் இரண்டும் குழந்தைப் பூட்டில் இருந்தன. வண்டியின் கூரையில், இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே, சிறு மூடிக்குள் ஆபத்து உதவிக்கான ஒரு பட்டன் உண்டு என்பது எனக்கு நினைவு வந்தது. என் பெல்ட்டைக் கழற்றி, எழுந்து, அதை அழுத்தினேன். அவர் தன் முழங்கையால் என் கையை மேலே கூரையோடு சேர்த்து இடித்தார். இடது மணிக்கட்டு அங்கே முறிந்தது. ஆனால் அழைப்பு போய்விட்டது. ஒரு பெண் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. ஏதேனும் ஆபத்தா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான், “எம் பையன் எம் மருமகளக் கொல்லுதான், போலீஸ அனுப்பு” என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அந்த நேரத்தில் வரவில்லை. ஹரிகுமார் நிதானமான ஆங்கிலத்தில், என் தாயார் மனநலம் குன்றியவர், தெரியாமல் அழுத்திவிட்டார், மன்னிக்கவும் என்றார். அந்தக் குரல் நன்றி சொல்லி நின்றுவிட்டது. ரேஷ்மி முனகிக்கொண்டிருந்தது அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்காது என்று நான் நம்ப விரும்புகிறேன். அந்த அழைப்பின் ஒலிப்பதிவு நிறுவனத்திடம் இருந்தே ஆக வேண்டும்.

8. அழைப்பு நின்றதும் அவர் கதவுப் பூட்டை விடுவித்தார். வலது கையால் வண்டியை ஓட்டிக்கொண்டே, இடது கையை ரேஷ்மியின் மடிக்குக் குறுக்கே நீட்டி அவள் பக்கத்துக் கதவின் பிடியைப் பிடித்தார். “அடுத்த வளவுல இறங்கிக்கோ” என்றார். அடுத்தது வலப்பக்கம் திரும்பும் வளைவு. இடப்பக்கம் இருப்பவரை வெளியே வீசும் வளைவு. அதற்குக் கீழே பள்ளம்தான். ரேஷ்மி பாதி நினைவில் கதவின் மேல் சாய்ந்திருந்தாள். கதவு சற்றே விலகியதும், அதுவரை வண்டிக்குள் கேட்காத காற்றின் இரைச்சல் கேட்டது.

9. நான் என் சேலை முந்தானையை அவர் கழுத்துக்கு முன்னால் போட்டு, வலது கையில் இரண்டு சுற்று சுற்றி, இரு கால்களையும் அவர் சீட்டின் முதுகில் ஊன்றி இழுத்தேன். முறிந்த கையையும் சேர்த்தே இழுத்தேன். அவர் கதவை விட்டுவிட்டு என் கையைப் பிறாண்டினார். அவருக்கு மூச்சு முட்டுவது என் கையில் தெரிந்தது. நான் விடவில்லை. அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி வேகம் குறைந்து, சுழன்று, மலைப்பக்க ஓடையில் இறங்கிப் பாறையில் மோதி நின்றது. பலூன்கள் வெடித்தன. மோதியவுடன் குழந்தைப் பூட்டு உட்படப் பூட்டுகள் எல்லாம் தாமாகத் திறந்துகொள்வதும் அந்த வண்டியின் சிறப்புகளில் ஒன்று. எங்களைப் பொறுத்தவரை அன்று அந்த வண்டி செய்த ஒரே நன்மை அது.

10. ஹரிகுமார் முதலில் இறங்கினார். வண்டியின் முன்பக்கத்தைப் போய்ப் பார்த்தார். பிறகு சுற்றி வந்து ரேஷ்மியை முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, வயிற்றில் மிதித்தார். நான் தவழ்ந்து போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன், என்னையும் மிதித்தார். அப்போது எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் பிச்சம்மாள் என்பவர், விறகுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு வெட்டுக்கத்தியுடன் ஓடி வந்தார். “ஏலே, அந்தப் பிள்ள மேல இனி காலு பட்டுச்சுன்னா, உனக்குக் காலு இருக்காது” என்றார். அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. ஹரிகுமார் பின்வாங்கினார். மேலிருந்து இறங்கிவந்த ஜீப் ஓட்டுநர் ராஜையன் என்பவர் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். மலை இறங்கும் வரை பிச்சம்மாள் ரேஷ்மியின் தாடையைத் தன் இரு உள்ளங்கைகளிலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு வந்தார். இந்த இருவரிடமும் இன்றுவரை யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை.

11. கட்டுப் போட்ட கையுடன் மறுநாள் நான் அவ்விடத்துக்குரிய காவல் நிலையத்துக்குச் சென்றேன். அங்கே வளாகத்தில் அந்த வண்டி நின்றிருந்தது. காவலர் இருவர் அதற்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தனர். டாஷ்போர்டு துடைக்கப்பட்டிருந்தது. பொறுப்பிலிருந்த அதிகாரி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அம்மே, ஸ்வந்தம் மகனல்லே? இது கேஸாக்கண்டா” என்றார். சொந்த மகன்தானே, வழக்கு வேண்டாம் என்பது மட்டுமல்ல. வழக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது. மனநலம் பாதிக்கப்பட்ட தாயார் பின்னாலிருந்து ஓட்டுநரின் கவனத்தைக் குலைத்ததாலும், முன்சீட்டிலிருந்த பெண் பெல்ட் அணியாததாலும் ஏற்பட்ட விபத்து என்று எழுதப்பட்டிருந்தது. எனக்கு மனநலம் சரியில்லை என்பதற்கு ஒரு மருத்துவரின் சான்றிதழும் இணைக்கப்பட்டிருந்தது. அந்த மருத்துவரை நான் பார்த்ததே இல்லை. அவரும் என்னைப் பார்த்ததில்லை.

12. பாதிக்கப்பட்ட பெண் நேரில் புகார் சொல்லட்டும், பார்க்கலாம் என்றும் அவ்வதிகாரி கூறினார். ஐயா, ரேஷ்மியின் மேல்தாடையும் கீழ்த்தாடையும் கம்பியால் சேர்த்துக் கட்டப்பட்டுள்ளன. அவள் குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர் குடிக்கிறாள். இடது கண் மூடியே இருக்கிறது. ஹரிகுமாரின் நண்பர்கள் வார்டு வாசலில் மாறி மாறி நிற்கிறார்கள். பழம் வாங்கி வந்ததாகச் சொல்கிறார்கள்.

13. இம்மனுவின் நகலை நேற்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆறாவது பத்தியில் நான் முதலில் ‘ஆத்திரத்தில்’ என்றொரு சொல் எழுதியிருந்தேன். அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். காகிதத்தை வாங்கி, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, தலையை அசைத்தாள். அடித்துவிட்டேன். அவள் சொல்வது சரி. அவன் ஆத்திரப்படவே இல்லை. அதன்பின் தன் கைபேசியில் “நான் கையெழுத்துப் போடுகிறேன்” என்று எழுதிக் காட்டினாள். அவள் கையெழுத்து என்னுடையதற்குக் கீழே உள்ளது. கோணலாக இருப்பதற்குக் காரணம் தோளெலும்பு முறிவு, வேறொன்றுமில்லை.

14. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்தருளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அ. அந்த வண்டியைக் காப்பீட்டு நிறுவனத்திடமோ பழுதுபார்க்கும் இடத்திலோ ஒப்படைக்கும் முன், உடனே கைப்பற்ற வேண்டும். வேகம், பிரேக், பெல்ட் விடுவிக்கப்பட்ட நேரம், கதவு திறந்த நேரம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஹரிகுமார் அந்த எண்களைப் பெருமைக்காகச் சேர்த்து வைத்தார். அவற்றை அழிக்க அவருக்கு ஒரு பட்டன் போதும்.

ஆ. ஆபத்து உதவி அழைப்பின் ஒலிப்பதிவைப் பெற வேண்டும். பிச்சம்மாள், ராஜையன் ஆகியோரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்ய வேண்டும்.

இ. ரேஷ்மியின் வார்டு வாசலில் ஒரு பெண் காவலரை நிறுத்த வேண்டும். இதை முதலில் செய்தால் நலம்.

ஈ. ஹரிகுமார் மீது கொலை முயற்சி வழக்குப் பதிய வேண்டும்.

உ. கடைசியாக, என் மீதும் வழக்குப் பதிய வேண்டும். ஓடும் வண்டியில் ஓட்டுநரின் கழுத்தை இறுக்கினேன். ரேஷ்மியின் தாடையை உடைத்தது அவன். ஆனால் அவள் தோளெலும்பு முறிந்தது நான் உண்டாக்கிய மோதலில். இறுக்கும்போது அவன் செத்துவிடக் கூடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் விடவில்லை. இதைச் சித்தம் கலங்கியவளின் செயல் என்று எழுதித் தள்ளிவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். எந்த அரசு மருத்துவரிடம் அனுப்பினாலும் பரிசோதனைக்கு வருகிறேன். என்னைக் கூண்டில் ஏற்றினால், பெற்ற மகனின் கழுத்தை ஏன் நெரித்தாய் என்று அங்கே யாராவது கேட்டுத்தானே ஆக வேண்டும்? நிலையத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை.

அழைத்த நேரத்தில் வருவேன். கைது செய்வதானாலும் தடையில்லை. ரேஷ்மியின் பக்கத்தில் வேறொருவரை வைத்த பிறகு அழைத்துச் செல்லுமாறு மட்டும் வேண்டுகிறேன்.

இடம்: திருவனந்தபுரம்
நாள்: 21.11.2025

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) சரஸ்வதியம்மாள்

மேற்கண்டவை அனைத்தும் எனக்கு நேர்ந்தவை:
(ஒப்பம்) ரேஷ்மி