வெள்ளைப் பூ எடுத்தவளின் பல்

போன புதன்கிழமை ஒரு சிறுமியின் கடைவாய்ப் பல்லைத் திறந்தேன். கிராம்பு வாசனை வந்தது. அப்போது பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை. போய்ச் சேர்ந்தவள்மேல் என்ன கோபம் என்று வீட்டில் கேட்கிறார்கள். நீ இருந்தபோது தெரிந்திருந்தால் அப்போதே கோபப்பட்டிருப்பேன். இப்போதுதானே தெரிந்தது.

உன் கிளினிக்கை மூடியதிலிருந்து உன்னிடம் வந்த அரியலூர்ப் பிள்ளைகளில் பலர் பெரம்பலூருக்கு பஸ் ஏறி என்னிடம் வருகிறார்கள். இவள் உடையார்பாளையம் பக்கத்துப் பெண். அஞ்சு வயதில் நீ மருந்து வைத்து கேப் போட்ட பால் பல். கேப் ஆட்டம் கண்டு, ஈறு வீங்கி, பிள்ளை ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். என்ன மருந்து வைத்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா என்று அவள் அம்மாவிடம் சும்மா கேட்டு வைத்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

"வெள்ளைப் பூவுங்க. எம்பொண்ணுதான் எடுத்தா. அந்தப் பூவ வூட்டுக்கு எடுத்துட்டு வந்து சாமி படத்துக்கே வெச்சிட்டா."

வெள்ளைப் பூ என்றால் வெள்ளைச் சிமெண்ட். அதில் கிராம்பு எங்கிருந்து வரும்? கேப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை முகர்ந்து பார்த்தேன். உள்ளே மெத்தென்று பசை. பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டேன். பஞ்சைக் கடித்துக்கொண்டு பிள்ளை என்னையே பார்த்தாள்.

எல்லாம் எப்படித் தொடங்கியது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்லப்போகிறேன், கேள். சொத்தை உள்சதை வரை போன பால் பல்லில் மேல்சதையை எடுத்துவிட்டு, ரத்தம் நின்றதும் வேர்ச்சதையின் மேல் ஒரு மருந்து வைக்கிறோம். கல்லூரியில் நாம் படித்தது சிவப்பு மருந்து. பார்மலின் கலந்தது. பஞ்சில் தொட்டு வைத்து எடுத்தபின் கிராம்பெண்ணெய்ப் பசையால் மூடவேண்டும். பிறகு வந்தது வெள்ளைச் சிமெண்ட். தண்ணீரில் குழைத்து நேராக வைப்பது, கிராம்புக்கு அதில் வேலையே இல்லை. எது நல்லது என்று நாம் சண்டை போடாத ஞாயிற்றுக்கிழமை உண்டா? நீ சிவப்பின் கட்சி, நான் வெள்ளையின் கட்சி.

"புத்தகத்துல இருக்கறதெல்லாம் வெளியூருப் பிள்ளைங்க பல்லுடி. நம்ம பிள்ளைங்க பல்லுல பாப்போம்," என்று நான்தான் ஆரம்பித்தேன். எந்தப் பல்லுக்கு எந்த மருந்து என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது, குலுக்கலில்தான் வரவேண்டும் என்றேன். பூவைக் கொண்டுவந்தவள் நீ.

"சீட்டுக் குலுக்குறோம்னா அம்மாமாருங்க மெரண்டு போயிடுவாங்க. கோயில்ல பூ போட்டுப் பாக்குற மாதிரி வெச்சிக்கலாம். கல்யாணத்துக்கும் கெணறு வெட்டவும் அப்படித்தான கேக்குறாங்க, பல்லுக்குக் கேட்டா என்ன?"

உன் கிளினிக் பின்னாலேயே இட்லிப்பூவும் நந்தியாவட்டையும் இருந்தன. சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரித் தாளில். இரண்டு மருந்து இருக்கிறது, எது மேல் என்று எங்களுக்கே தெரியாது, சம்மதம் என்றால் பிள்ளை எடுக்கட்டும் என்று அம்மாக்களிடம் சொல்வாய். அழுதுகொண்டு வந்த பிள்ளைகள்கூடப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அழுகையை நிறுத்திவிடும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்த ஓர் அப்பா, மகன் வெள்ளைப் பூ எடுத்ததும், "சிமெண்ட்டா? நம்மூருல இல்லாத சிமெண்ட்டாங்க, நானே ரெண்டு மூட்டை எறக்கியிருப்பேனே" என்றாராம். அதை நீ போனில் சொல்லிச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சிரிப்பின்மேலும் எனக்கு இப்போது சந்தேகம். அந்தப் பையன் பல்லில் என்ன வைத்தாய்?

வைப்பது நீ. எந்தப் பிள்ளைக்கு எது என்று தெரியாமல் எக்ஸ்ரே பார்த்துச் சொல்வது நான். எக்ஸ்ரேயில் இரண்டும் வெளுப்பாகத்தான் தெரியும், நான் கண்டுபிடிக்க வழியில்லை. எல்லாம் உன்னை நம்பித்தான். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். ரத்தம் நிற்காத பல்லை இதில் சேர்க்கக் கூடாது. அந்தப் பல்லில் வேர்ச்சதையும் கெட்டிருக்கும், மேலே எதை வைத்து மூடினாலும் உள்ளே புழுங்கும். வேர் வரைக்கும் சுத்தம் செய்துவிட்டு, ஒப்பிடுவதிலிருந்து அந்தப் பிள்ளையை விலக்கிவிட வேண்டும். சரி என்று என் உள்ளங்கையில் அடித்தாய்.

வியாழக்கிழமை தனத்தைத் தேடிப் போனேன். உன்னோடு இத்தனை வருடம் நின்ற நர்ஸ், இப்போது ஒரு மருந்துக்கடையில் இருக்கிறாள். கிராம்பு என்றதுமே முகம் மாறிவிட்டது.

"ரத்தம் நிக்கலன்னா மேடம் சிவப்பு மருந்துதாங்க வெப்பாங்க. எந்தப் பூ எடுத்திருந்தாலும். அது கைக்குப் பழகுன மருந்து, நின்னுரும்னு சொல்லுவாங்க."

"அப்ப அந்தப் பிள்ளைங்கள வெலக்கலையா?"

"வெலக்கல. பூ என்னவோ அப்படியே எழுதிடுவாங்க. நான் கேட்டேங்க. 'ஒவ்வொண்ணா வெலக்குனா அவ மூஞ்சி தொங்கிப் போயிடும் தனம், ஆசையா ஆரம்பிச்சிருக்கா'ன்னாங்க."

எந்தெந்தப் பிள்ளைகள் என்று கேட்டேன். அவளுக்கு ஞாபகமில்லை. எப்படி இருக்கும்?

என் மூஞ்சி தொங்கினால் தொங்கட்டுமே. நீ யார் அதைத் தாங்கிப் பிடிக்க? கல்லூரியில் என்னை ஃபெயிலாக்கினார்கள், தொங்கிற்று. பெரம்பலூரில் முதல் கிளினிக் ஆள் வராமல் மூடினேன், தொங்கிற்று. அப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்தவள் நீதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னைக் கைக்குழந்தை ஆக்கிவிட்டாய். எரிகிறது எனக்கு.

அரியலூரில் பல் டாக்டர்கள் கூடிய அன்று நான் மேடையில் பேசினேன். வெள்ளைச் சிமெண்ட் வைத்த பற்கள்தான் நன்றாக நின்றன, பெரிய ஊர்க்காரர்கள் சொன்னதாக இல்லாமல் நம் ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் நாங்களே பார்த்தோம் என்று சொன்னேன். நீ முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய், நீலப் புடவை. பேசி முடித்ததும் முதலில் கைதட்டியவள் நீ. நன்றாக நின்ற அந்தப் பற்களில் எத்தனை உன் சிவப்பு மருந்தில் நின்றனவோ. ஊருக்குத் திரும்பி என் கிளினிக்கில் இருந்த சிவப்பு மருந்தைத் தூக்கிப் போட்டேன். அதையும் உனக்கு போனில் சொன்னேன். "நல்லதுடி" என்றாய்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். பட்டுப்புடவை யாருக்கு, நாய் யாரிடம், தனத்துக்கு எங்கே வேலை கேட்பது என்று எல்லாம் சொன்னாய். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி," என்றாய். சொல்லு என்றேன். "நாளைக்கு மோர் கொண்டாறியா, கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டு," என்றாய். கொண்டுவந்தேன். இரண்டு வாய் குடித்தாய். நீ சொல்ல வந்தது மோர் என்றே இவ்வளவு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நீ கெட்டது நினைத்துச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அழும் பிள்ளையை நாற்காலியில் வைத்துக்கொண்டு, நிற்காத ரத்தத்தைப் பார்த்தபோது உன் கை பழகிய பக்கம் போயிருக்கும். நீ வைத்த மருந்தைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். எழுதும்போது வெள்ளை என்று எழுதினாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வேர் வரை சுத்தம் செய்திருந்தால் அந்தப் பிள்ளையின் பல் இன்றைக்கும் வாயில் இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல எனக்கு வழியில்லை, நீ அந்த வழியையும் அடைத்துவிட்டுப் போய்விட்டாய்.

நேற்று அந்தச் சிறுமி திரும்ப வந்தாள். எதிர்ப்பக்கத்துப் பால் பல்லிலும் சொத்தை ஆழமாகப் போயிருந்தது. அவள் அம்மா, "இதுக்கு எந்த மருந்துங்க நல்லது?" என்று கேட்டார். நாங்களே பார்த்தோம் என்ற பேச்சு வாய் வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை அம்மாக்களிடம் சொல்லிப் பழகிய பேச்சு.

"வெள்ளைதான் நல்லதுன்னு மத்த ஊருல பாத்தவங்க சொல்றாங்கம்மா. நான் அதை நம்பித்தான் வெக்கிறேன். நம்ம பிள்ளைங்க பல்லுல நாங்க பாத்தது சரியா வரல," என்றேன்.

அவர் தலையாட்டினார். சிறுமி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"பூ எங்க டாக்டர்?"

இன்றைக்குப் பூ இல்லை என்றேன். அவளுக்கு ஏமாற்றம். மரத்துப்போக ஊசி போட்டு, மேல்சதையை எடுத்து, பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். பஞ்சை எடுத்தேன், ரத்தம் வந்தது. புதுப் பஞ்சு வைத்தேன், அப்போதும் வந்தது. உன் கை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று எனக்கு அப்போது நன்றாகவே தெரிந்தது. பழகிய கை எனக்கும் இருக்கிறது.

அவள் அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டேன். "ரத்தம் நிக்கலம்மா," என்று பஞ்சைக் காட்டினேன். "வேரு வரைக்கும் போகணும். இன்னும் ரெண்டு தடவ வரவேண்டியிருக்கும்."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. பார்த்துக்கொண்டே நின்றேன்.